வண்டி நுழையாத பாதையில் ஓர் இன்ஷூரன்ஸ் சர்வேயர்

நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் அவருக்கு அந்த மீன் வண்டி ஞாபகத்துக்கு வரும்.

"சாப்புடறப்ப சொல்லக்கூடாதுங்க தம்பி," என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவார். "இருந்தாலும் சொல்றனுங்க."

யாரோ ஒருவன் ஷார்ஜா மீன் மார்க்கெட்டில் முழு நெய்மீன் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறான். சிக்னலில் பின்னால் வந்தவன் இடித்ததில் டிக்கி அமுங்கித் திறக்க முடியாமல் போய்விட்டது. ரிக்கவரி வண்டி அதை இழுத்துக்கொண்டுபோய், இடிபட்ட வண்டிகள் கிடக்கும் யார்டில் போட்டது. ஆகஸ்ட் மாதம், அங்கே உச்ச வெயில். போலீஸ் பேப்பர் வந்து, எங்கள் கம்பெனிக்கு ஃபைல் வந்து, இவர் போய்க் கடப்பாரையால் நெம்பி டிக்கியைத் திறந்தபோது...

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பார். "என்னுங்க கொழம்பு?"

"கத்திரிக்கா, அண்ணாச்சி."

"சாப்புடுங்க, சாப்புடுங்க," என்று தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு, டிக்கிக்குள் நெய்மீன் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். ஏறக்குறைய என் குழம்பின் நிறம்தான்.

எங்கள் மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவர் சர்வேயர். அதாவது இடிபட்ட வண்டி எங்கே கிடந்தாலும் போய்ப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கிறவர். கோயம்புத்தூர்க்காரர். நான் கிளெய்ம் பிரிவு, திருநெல்வேலி. அவர் ஊர் திரும்பிச் சில வருடங்கள் ஆகின்றன. என்னால் இன்றும் நெய்மீன் தின்ன முடியவில்லை. ஒரு மனிதர் நம் வயிற்றுக்குள் இப்படி நிரந்தர விசாவோடு குடியிருப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சிலர் கோபக்காரர்கள், சிலர் அழுகைக்காரர்கள். இவர் அருவருப்புக்காரர். என்ஜின் வைத்த எதைப் பார்த்தாலும் மூக்கின் இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு விழும். பிறகு ஒரு "ச்சை" வரும். கடையில் ஸ்வீட் சரியில்லை என்று சொல்கிறவர் மாதிரி, உள்ளேயிருந்து, நிதானமாக வரும். புது வண்டி, பழைய வண்டி, மந்திரி வண்டி, குப்பை லாரி என்று பேதமில்லை. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கும் வண்டியைக் காட்டி, "நல்லாருக்குல்ல அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "இதோட ஏர்பேக் வெடிச்சா உள்ள ஒரு பவுடர் பறக்குமுங்க. அது எச்சில்ல ஒட்டிக்கிட்டா..." என்று தொடங்கினார். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அவர் லைசன்ஸே எடுத்ததில்லை. யார்டு யார்டாகப் போவதற்கு ஆபீஸ் பிக்கப்பின் பின்சீட்டில், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார். ஓட்டுகிற பதான் பாய் முதலில் அவரைப் பக்திமான் என்று நினைத்து, வண்டியை எடுக்கும் முன் அவர் பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருப்பாராம்.

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கஃப்டீரியா உண்டு. இங்கே டீ குடிக்க யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து ஹார்ன் அடிப்பார்கள். கடைச் சேட்டன் வெயிலில் ஓடி வந்து கண்ணாடி இறங்கும் வரை நின்று, கேட்டுப் போய், மறுபடி ஓடி வந்து டீயை நீட்ட வேண்டும். ஒரு ஜூன் மாத மத்தியானம் யானை சைஸில் ஒரு வண்டி விடாமல் ஹார்ன் அடித்தது. இவர் எழுந்து போனார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விஷயம் புரிந்தபோது, அவர் அந்த வண்டியின் கருப்புக் கண்ணாடியை ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

என் மூளை இதற்கெல்லாம் ரொம்ப வேகம். போலீஸ், கேஸ், விசா கேன்சல், ஏர்போர்ட், கூட வேலை பார்த்தவன் என்று என்னையும் சேர்த்து ஏற்றுவது, என் மனைவி பெட்டி கட்டுவது, அதில் என் சட்டைகளை மட்டும் மறந்துவிடுவது என்று வரிசையாக ஓடிவிட்டது. நான் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடி இறங்கியது. வெள்ளை அங்கி போட்ட அரபிப் பெரியவர் ஒருவர். இவர் கோயம்புத்தூர் மரியாதையை அப்படியே இந்தியில் போட்டு, "பாய் சாப், ஹார்ன் மத் பஜாயியே. அவரும் மனுஷன்," என்றார். ஹார்ன் அடிக்காதீர்கள் என்று பாதி இந்தி, மீதி தமிழ். பெரியவர் சேட்டனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். இரண்டு டீ வாங்கி ஒன்றை இவரிடம் நீட்டினார்.

உள்ளே வந்தவர் பேப்பர் கப்பை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். "வண்டி ஜன்னல் வழியா வந்ததுங்க. எனக்கு இறங்காது. நீங்க குடிங்க." குடித்தேன். தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சொர்க்கம் இருந்தது. அது பிரான்ஸில் இருந்தது.

மதிய இடைவேளையின் மிச்சத்தில் அவர் போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்பார். யாரோ சைக்கிள் கைப்பிடியில் கேமராவைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பாட்டில்லை, பேச்சில்லை. டயருக்கடியில் பொடிக்கல் நசுங்கும் சத்தம் மட்டும். ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் கோதுமை வயல், நடுவில் பாதை. முன்பு படகுகளைக் குதிரைகள் இழுத்துப் போன கரையாம். இன்னொரு வீடியோவில் ரயில் போய்க்கொண்டிருந்த தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சமமாகப் போட்டிருந்தார்கள். பாதை தொடங்கும் இடத்தில் கார் நுழைய முடியாதபடி குறுக்கே கட்டைகள் நட்டிருக்கும். அந்த இடம் வந்தால் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் கட்டையைப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"ரயிலையே எடுத்துப்போட்டுட்டுச் சைக்கிளுக்கு வழி விட்டிருக்கானுங்க. இதுக்கு மேல நாகரிகம் எங்கீங்க போகும்?"

தூரத்து வயலில் ஒரு டிராக்டர் தெரிந்தால் போதும், "ச்சை." வீடியோ குளோஸ்.

அவருக்கு ஒரே மகள். மிருதுளா. ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்து, கெமிஸ்ட்ரி படித்து, வீட்டில் இருந்தாள். வேலை கிடைக்காமல் இல்லை. எந்த வேலையும் ஓட்டிப் போகிற தூரத்தில் இருந்தது. இவர் அவளை டிரைவிங் ஸ்கூல் பக்கமே விடவில்லை. "என்ர புள்ள அந்த டப்பாக்குள்ள உக்காரக்கூடாதுங்க," என்பார். டிபன் பாக்ஸைச் சொல்வதுபோல் இருக்கும்.

ஒரு நாள் நான் சிக்னலில் நிற்கிறேன். பக்கத்தில், கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த கார். ஸ்டியரிங்கில் மிருதுளா. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே நான் என்ன செய்தேன்? சீட்டில் சரிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைப் புதைத்தேன். திருட்டுத்தனம் செய்தது அவள். ஒளிந்தது நான். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னாலிருந்தவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் போன் வந்தது. "அங்கிள், ப்ளீஸ், அப்பாகிட்ட சொல்லிராதீங்க. யோகா கிளாஸ்னு சொல்லிட்டுப் போறேன்."

"நான் யாரையும் பாக்கலியே," என்றேன்.

"அங்கிள், நீங்க ஒளிஞ்சதை இன்ஸ்ட்ரக்டரே பாத்தார். ஹார்ட் அட்டாக்கான்னு கேட்டார்."

அவள் முதல் டெஸ்ட்டிலேயே பாஸ் ஆனாள். புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் லேபில் வேலையும் கிடைத்தது. ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை. ஷார்ஜாவிலிருந்து மலையைக் குடைந்து போகிற ரோடு. மலையை உடைத்துக் கல் ஏற்றி வரும் லாரிகள் ஓடுகிற ரோடு. அதையும் என்னிடம்தான் சொன்னாள். அன்றிலிருந்து அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்தாலே எனக்கு வியர்க்கும். மீன் கதையைக்கூட ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்தேன். மீனைப் பற்றிப் பேசும்வரை மகளைப் பற்றிப் பேசமாட்டார் அல்லவா?

அந்தச் சமயத்தில்தான் அவர் டிக்கெட் போட்டார். பிரான்ஸில் பர்கண்டி பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் சைக்கிளில் ஒரு வாரம். அவர், மகள், கூட நான். "வண்டியே இல்லாத உலகம் ஒண்ணு இருக்குதுன்னு அவ கண்ணால பாக்கட்டுமுங்க. அப்புறம் கார் கேக்கமாட்டா." அவர் மனைவி, முட்டி வலியைச் சாக்கு வைத்துத் தப்பித்தார். என் மனைவி, என் தொப்பையைச் சாக்கு வைத்து என்னை அனுப்பினாள்.

எனக்குச் சைக்கிள் விட்டு முப்பது வருடம் இருக்கும். பழக்குவதற்காகப் பாலைவனத்தில் வேலி போட்ட சைக்கிள் பாதைக்கு மகளோடு என்னையும் கூட்டிப் போனார். வேலிக்கு உள்ளே எங்கிருந்தோ வந்த ஒரு மான் என்னைப் பார்த்தது. நான் மானைப் பார்த்தேன். அது அசையவில்லை. நான் மணலில் கிடந்தேன். அவர் சாவகாசமாக இறங்கி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ரெண்டு முட்டியும் சிராய்ப்பு. முன் பம்பருக்கு ஒண்ணும் இல்லீங்க," என்று என் தொப்பையைக் காட்டிச் சொன்னார். மிருதுளா சிரித்ததில் மான் ஓடிவிட்டது.

பிரான்ஸைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். வீடியோவில் வாசனை வராது.

வளைகுடாவில் பழகிய எங்களுக்கு, நூறடிக்கு ஒரு கடை இருக்கும், போன் போட்டால் ரொட்டி வரும் என்பது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அதனால் சாப்பாடு எதுவும் கட்டாமல் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு ஊர் மணிக்கூண்டு இருந்தது, கதவு மூடிய பேக்கரி இருந்தது, ஜன்னலில் பூனை இருந்தது, மனிதரைக் காணோம். தண்ணீரும் தீர்ந்தது. அவர் எங்கோ படித்திருந்தாராம். எங்களை நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் வைத்திருப்பார்கள், குடிக்கலாம் என்றார்.

"அண்ணாச்சி, கீழ ஆளுங்க படுத்திருக்காங்க."

"தண்ணி ஊருக்குள்ள இருந்து பைப்புல வருதுங்க. அவங்களத் தொட்டுக்கிட்டு வரலை."

பன்னாட்டு வண்டியெல்லாம் பார்த்துக் குமட்டுகிறவர், அந்தக் குழாயில் வாயை வைத்துக் கடகடவென்று குடித்துவிட்டு "ஆகா" என்றார். தாகம் மானத்தைவிடப் பெரியது. நானும் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கல்லறைப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

மறுநாள் மழை. மழை விட்டதும் பாதை முழுக்க நத்தைகள். ஓடு இல்லாதவை, ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் பருமன், கண்ணாடி பூசியதுபோல் பளபளப்பு. வண்டியே இல்லாத பாதையில் அவைதான் போக்குவரத்து. அவர் ஒவ்வொன்றையும் வளைத்து வளைத்து ஓட்டினார். "வெலகுங்க சாமி, வெலகுங்க" என்று நத்தைக்கும் மரியாதை கொடுத்தார். எனக்கு அந்த வளைப்பெல்லாம் வராது. 'பச்சக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இங்கே எழுதும்போதும் என் உள்ளங்கால் கூசுகிறது.

இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கம் இருந்துங்க வந்துச்சு?"

"இடப்பக்கம் அண்ணாச்சி. நான் பெல் அடிச்சேன்."

"டோட்டல் லாஸ்," என்று எழுந்தார். முகத்தில் பழைய மடிப்பு. இந்தமுறை அது எனக்கு விழுந்தது. அன்று முழுவதும் என் டயருக்குப் பின்னால் வரமாட்டேன் என்றுவிட்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கால்வாயோரப் பெஞ்சில் உட்கார்ந்து, காய்ந்த நீள ரொட்டியை, அவர் மனைவி கொடுத்துவிட்ட பருப்புப் பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். காலையிலேயே மிருதுளா என்னிடம், "இன்னிக்குச் சொல்லிடுவேன் அங்கிள், திரும்பிப் போனதும் ஜாயின் பண்ணணும்," என்று சொல்லியிருந்தாள். அதனால் காலையிலிருந்தே நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

"அப்பா, எனக்கு லைசன்ஸ் இருக்கு."

"என்ன லைசன்ஸு கண்ணு?"

"டிரைவிங். புஜைராவுல வேலையும் கிடைச்சிருச்சு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாங்க தம்பி?"

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது அண்ணாச்சி," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் ரொட்டி இருந்தது. தலையில் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்தார். பொடி ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு திருப்பமாவது வேண்டும். தெருமுனை வேண்டும், கதவு வேண்டும், அறைந்து சாத்த. அந்தக் கால்வாய்க் கரையில் எதுவும் இல்லை. கோடு போட்டதுபோல் நேர்ப் பாதை. அவர் முழு வேகத்தில் மிதித்தார், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், அவர் தெரிந்துகொண்டே இருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்து மறுபடி மிதித்தார். மறைவதற்கு ஒரு மரம்கூட உதவவில்லை.

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா நான் போகமாட்டேன் அங்கிள்," என்றாள் மிருதுளா. அழவில்லை. "அதான் பிராப்ளம். என்னால அவரை மீறிப் போக முடியாது. லைசன்ஸ் எடுத்ததே எப்படின்னு எனக்கே தெரியலை."

நாங்கள் பின்னாலேயே போனோம். படகுகள் ஏறி இறங்க மதகு வைத்த ஓர் இடத்தில் அவர் சைக்கிளைக் கிடத்திவிட்டு, கரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மதகுக்குள் ஒரு படகு நின்றது. தண்ணீர் இறங்க இறங்க அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

"மலை ரோடா?" என்றார், திரும்பாமல்.

"ம்."

"கல்லு லாரி ரோடு. அந்த ரோட்டுல இருந்து எனக்கு எத்தன ஃபைல் வருதுன்னு தெரியுமா சாமி?"

"தெரியும்ப்பா. எல்லாம் தெரியும். லாரி பின்னாடி ஒட்டிப் போனவன், தூங்கிட்டு ஓட்டினவன், போன் பாத்தவன், இண்டிகேட்டர் போடாமத் திரும்பினவன். சின்ன வயசுல இருந்து சாப்பிடும்போதெல்லாம் சொல்லியிருக்கீங்க. ஒவ்வொருத்தன் கார்லயும் என்ன கிடந்துச்சுன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் சைக்கிளைக் கிடத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் கூடப் படிச்சவங்க எல்லாம் டெஸ்ட்ல திரும்பத் திரும்ப ஃபெயில். எனக்கு மட்டும் எந்தத் தப்பும் புதுசா இல்லப்பா."

படகு அடிமட்டத்துக்கு இறங்கியது. கீழ்க்கதவு திறந்தது. படகிலிருந்த கிழவர் எங்களுக்குக் கையசைத்தார். நான் மட்டும் பதிலுக்கு அசைத்தேன், யாராவது அசைக்க வேண்டுமே.

"பழைய வண்டிதான வாங்குவ?" என்றார் அவர் கடைசியில்.

"ஆமாப்பா."

"நான் மோந்து பாக்காம வாங்கிராத."

ஷார்ஜா பழைய வண்டிச் சந்தையில் அவரோடு அலைந்த அந்த வாரம் என் வாழ்நாளின் மிகப் பெரிய குமட்டல். அந்த வருடத்து மழை வெள்ளத்தில் முங்கிய வண்டிகளைத் துடைத்துப் பாலிஷ் போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். அவர் மண்டி போட்டுக் கார்ப்பெட்டைப் பிய்த்து முகர்வார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரலை விட்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோவார். "ச்சை." அடுத்த வண்டி. "தம்பி, இத மோந்து பாருங்க." நான் முகர்ந்தேன். யாரோ ஒருவருடைய பால், யாரோ ஒருவருடைய செருப்பு, யாரோ ஒருவருடைய சாக்கடை. வியாபாரிகள் இவரைக் கண்டால் பானட்டை மூட ஆரம்பித்தார்கள். "சாப், நாக் வாலா ஆகயா," மூக்குக்காரர் வந்துவிட்டார் என்று ஒருவன் இன்னொருவனுக்குக் குரல் கொடுத்தான்.

கடைசியில் ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார். முகர்ந்தார். இன்னொருமுறை முகர்ந்தார். "ஒண்ணும் சொல்லமாட்டேங்குதுங்க," என்றார், சந்தேகமாக. அவரிடமிருந்து ஒரு வண்டிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அவள் முதல் டியூட்டிக்குப் போன காலையில், மகள் கண்ணில் படாமல் பின்னாலேயே போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார். ஓட்டுவது நான். என்னுடைய ஓட்டுதலைப் பற்றி ஒரே வரி: ரிக்கவரி வண்டிக்காரர்கள்கூட என்னை முந்திப் போகும்போது பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

மலை தொடங்கும் வரை அவளுடைய வெள்ளைக் கார் தெரிந்தது. பிறகு எனக்கு இடமும் வலமும் முன்னும் பின்னும் கல் லாரிகள். ஒவ்வொன்றின் சக்கரமும் என் ஜன்னல் உயரம். நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற லாரியின் மண் தடுப்பில் இருந்த ஒரு கிழிசலை மட்டும் பார்த்தபடி ஓட்டினேன். உலகத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது. பக்கத்தில் அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் குகைப் பாதைக்கு முன்னால், "போயிட்டா," என்றார்.

ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்துவதற்குள் அவருக்கு வாந்தி வந்துவிட்டது. காலையில் தின்ற இட்லி, சாம்பார், எல்லாம், பழம் வைத்திருந்த என் பிளாஸ்டிக் பையில். கார் முழுக்க அந்த வாடை. ஏசி அதை எடுத்து எங்கள் இருவர் முகத்திலும் சமமாகப் பங்கிட்டது. எனக்கும் குமட்டியது. நான் கண்ணாடியை இறக்கினேன். வெளியிலிருந்து லாரிப் புகையும் கல் தூசியும் வந்தன. ஏற்றினேன். மறுபடி இறக்கினேன்.

அவர் பதறவில்லை. பையின் வாயை முறுக்கி, கச்சிதமாக முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் துடைத்தார்.

"பாத்தீங்களா தம்பி? அந்த லாரியத் தாண்டறப்ப, இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் லேன் மாறுனா."

"பாத்தேன் அண்ணாச்சி," என்றேன். "தெளிவாப் பாத்தேன்."